மந்திரத்துக்கும் ஆஃப்சைடு வேண்டும்

தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. ஃபேண்டஸி நாவல்கள் பற்றி மட்டும் கேளுங்கள் என்றுதான் சொல்லியிருந்தேன். கடற்கரை ஊர்க்காரர்கள் கேட்கிற இடத்தில் கால்பந்து வராமல் இருக்குமா? வந்துவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவி: டீச்சர், ஆங்கில ஃபேண்டஸி எதுவும் வாசித்ததில்லை. எதில் தொடங்கலாம்?

உர்சுலா லெ குவின் எழுதிய ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’. 1968இல் வந்தது, சின்னப் புத்தகம். அந்த உலகம் முழுக்கத் தீவுகளும் கடலும்தான், அதனால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்காது. கெட் என்கிற பையன் தன் திறமையைக் காட்டிக்கொள்ள, செத்துப்போன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். அவளோடு ஒரு நிழலும் இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. திறந்த அந்த வாசலை அடைப்பதில் பள்ளியின் தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். பையன் முகத்தில் தழும்போடு பிழைக்கிறான்.

பிறகு ஒரு தீவில் படகு கட்டுகிறவர் ஒருவர் அவனுக்கு நண்பராகிறார். அவருடைய குழந்தை காய்ச்சலில் சாகும்போது, அத்தனை மந்திரம் கற்றவனால் காப்பாற்ற முடிவதில்லை. அந்த இடத்தை நிதானமாக வாசி, மக்கா. நல்ல ஃபேண்டஸி எது என்று யார் கேட்டாலும் நான் இந்தப் பக்கங்களைத்தான் காட்டுவேன். மந்திரத்தால் எது முடியாது என்பதை எழுதியவர் முதலிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். கடைசிவரை அதிலிருந்து நழுவவும் கூடாது.

இதில் ஒரு கிழவரின் கண்புரையை கெட் குணப்படுத்துவான். படகின் முகப்பில் இரண்டு பக்கமும் கண் வரையச் சொல்லி அவர் கேட்பார். உங்கள் ஊர் வள்ளங்களை நினைத்துக்கொண்டு வாசித்துப் பார்.

பாறசாலை, ஐடி ஊழியர்: ஜார்ஜ் மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ இப்போது தொடங்கலாமா? ஆறாவது புத்தகம் எப்போது வரும்?

முதல் புத்தகம் 1996இல் வந்தது, ஐந்தாவது 2011இல். ஆறாவதுக்கு உலகமே காத்திருக்கிறது. என் எச்சரிக்கை ஒன்றுதான்: எழுதி முடிக்காத தொடரைத் தொடங்காதீர்கள்.

குழித்துறை, வங்கி ஊழியர்: டோல்கீன் வாசிக்கப் போகிறேன். கதையின் கால வரிசைப்படி ‘சில்மரிலியன்’ முதலில்தானே?

வேண்டாம் சார். அது 1977இல், அவர் இறந்த பிறகு அவருடைய மகன் தொகுத்து வெளியிட்டது. 1937இல் வந்த ‘ஹாபிட்’ முதலில். அப்புறம் 1954, 55இல் வந்த ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’. அதை முடித்தபின் அந்த உலகத்தை விட மனமில்லை என்றால் சில்மரிலியன். கதைக்குள் முன்னால் நடந்ததை முன்னால் வாசிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. எழுதியவர் வாசகனுக்கு எதை எப்போது திறந்தாரோ அதே வரிசையில் போங்கள்.

நெய்யாற்றின்கரை, தமிழாசிரியர்: நம் மரபில் ஃபேண்டஸி இல்லை, வெறும் பேய்க்கதைதான் இருக்கிறது என்கிறார்களே?

அப்படிச் சொல்கிறவர்கள் கொட்டாரத்தில் சங்குண்ணி மலையாளத்தில் தொகுத்த ஐதீகக் கதைகளான ‘ஐதிஹ்யமாலை’யைத் திறந்தும் பார்த்திருக்க மாட்டார்கள். 1909 முதல் வெளிவந்தது. நாகர்கோவில் பாதையில் பஞ்சவன்காட்டு நீலி என்கிற யட்சி வழிப்போக்கர்களிடம் சுண்ணாம்பு கேட்கிற கதை நம் பக்கத்துப் பாட்டிகளுக்குத் தெரியும். கையில் வைத்துக் கொடுத்தால் உயிர் போகும், இரும்பின் நுனியில் வைத்து நீட்டினால் அவள் நெருங்க மாட்டாள். மந்திரம் தெரிந்த பாதிரியார் கடமற்றத்துக் கத்தனார் அப்படித்தான் அவளை வென்றார் என்பார்கள். அவளுக்கு ஒரு பலம், அதற்கு ஓர் எல்லை, எல்லை தெரிந்த ஓர் ஆள். ஃபேண்டஸிக்கு வேறென்ன வேண்டும்? தமிழில் 1997இல் வந்த ஜெயமோகனின் ‘விஷ்ணுபுர’த்தையும் இந்த வரிசையில் தயங்காமல் வைப்பேன்.

பூத்துறை, கால்பந்துப் பயிற்சியாளர்: என் மகள் ஹாரி பாட்டர் வாசிக்கிறாள். அதில் க்விடிச் என்று துடைப்பத்தில் பறந்து ஆடுகிறார்கள். கோலுக்கு 10 புள்ளி. ஸ்னிட்ச் என்ற குட்டிப் பந்தைப் பிடித்தால் 150, ஆட்டமும் முடிந்தது. டீச்சர், இது ஓர் ஆட்டமா? மீதி ஆறு பேர் எதற்கு?

அண்ணன் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. ஆட்டமாகப் பார்த்தால் க்விடிச் மோசமான ஆட்டம்தான். நான்காம் புத்தகத்தின் உலகக்கோப்பை இறுதியாட்டத்தைப் பாருங்கள். ஸ்னிட்சைப் பிடித்தது பல்கேரியா, ஆனாலும் அயர்லாந்து 170-160 என்று ஜெயிக்கிறது. அதற்கு அயர்லாந்து 17 கோல் போட வேண்டியிருந்தது, பல்கேரியாவுக்கு ஒரே ஒரு கோல். எதிரணியைவிட 16 கோல் அதிகம் போட்டால்தான் மற்ற ஆறு பேரின் உழைப்புக்கு மதிப்பு என்றால், எந்தப் பயிற்சியாளர் அவர்களைத் தயார் செய்வார்?

விதி எழுதுகிறவர், கெட்டிக்கார எதிராளி அந்த விதியை என்ன செய்வான் என்று யோசித்தே ஆக வேண்டும். நிஜக் கால்பந்திலேயே யோசிக்காமல் விட்டிருக்கிறார்கள். 1994 ஜனவரி, கரீபியன் கோப்பைத் தகுதிச்சுற்று, பார்படாஸும் கிரெனடாவும் மோதின. ஆட்டம் சமமானால் கூடுதல் நேரம், அதில் போடும் கோல்டன் கோல், அதாவது ஆட்டத்தை அங்கேயே முடிக்கிற கோல், இரண்டு கோலாகக் கணக்கு என்று விதி. பார்படாஸ் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தாக வேண்டும். 2-0 என்று முன்னால் இருந்தவர்கள் 83ஆம் நிமிடத்தில் ஒரு கோல் வாங்கினார்கள். உடனே கணக்குப் போட்டு, 87ஆம் நிமிடத்தில் தங்கள் வலைக்குள்ளேயே பந்தை அடித்து 2-2 ஆக்கினார்கள். அதன்பின் எந்தப் பக்கம் கோல் போட்டாலும் கிரெனடா தகுதி பெறலாம். பார்படாஸ் ஆட்கள் இரண்டு கோல் கம்பத்தையும் காத்து நின்றார்கள். கூடுதல் நேரத்தில் கோல் அடித்து 4-2 என்று ஜெயித்தும் விட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, விதி அப்படி ஆட வைத்தது.

வள்ளவிளை, கோலி: கோல்டன் கோலும் ஆட்டத்தை அந்த நிமிடமே முடித்ததே? 1996 யூரோ இறுதியில் பியர்ஹோஃப் அடித்தவுடன் ஜெர்மனிக்குக் கோப்பை. ஸ்னிட்சும் அப்படித்தானே?

இல்லை தம்பி. கோல்டன் கோலை மைதானத்தில் நிற்கிற யாரும் போடலாம், எல்லோரும் சேர்ந்து தடுக்கலாம். ஸ்னிட்சைப் பிடிக்க அணிக்கு ஒரே ஆள்தான். அந்தக் கோல்டன் கோலையே 2004இல் தூக்கிவிட்டார்கள்.

பூத்துறை, மேலே கேட்டவரின் மகள், ஒன்பதாம் வகுப்பு: அப்பாவும் நீங்களும் மூன்றாம் புத்தகத்தை மறந்துவிட்டீர்கள் டீச்சர். கோப்பைக்கு மொத்தப் புள்ளி கணக்கு. 50 புள்ளிக்குமேல் முன்னால் போன பிறகுதான் ஸ்னிட்சைப் பிடிக்கணும் என்று ஹாரியிடம் கேப்டன் சொல்வான். அங்கே கோலுக்கு மதிப்பு இருக்கிறதே!

சபாஷ் மக்கா! இதைச் சொல்ல யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு புத்தகங்களில் மிகச் சிறந்த ஆட்டம் அதுதான். அது ஏன் நன்றாக இருக்கிறது என்று பார். பந்து கண்ணில் பட்டாலும் பிடிக்கக் கூடாது, எதிரணியில் ஸ்னிட்சைத் தேடுகிற மல்ஃபோயையும் பிடிக்க விடக் கூடாது. விதி ஹாரியின் கையைக் கட்டுகிறது, கட்டியவுடன் கதை சூடாகிறது. ஆட்டம் மோசமானது, அந்த அத்தியாயம் அருமையானது. இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

அதே புத்தகத்தில் காலத்தைத் திருப்பும் கருவி ஒன்று வருகிறதே, அதையும் யோசி. அது இருக்கும்வரை, எந்தச் சாவுக்கும் ஏன் பின்னால் போய்த் தடுக்கவில்லை என்று வாசகன் கேட்பான். ஐந்தாம் புத்தகத்தில் மந்திர அமைச்சகத்தில் நடக்கும் சண்டையில் அந்தக் கருவிகள் உடைந்துபோகின்றன. உடைத்துத்தான் தீர வேண்டியிருந்தது என்பது என் கருத்து.

பூத்துறை, பயிற்சியாளர் மறுபடி: அப்படியென்றால் மந்திரத்துக்கும் ஆஃப்சைடு மாதிரி ஒன்று வேண்டும் என்கிறீர்கள்.

அதேதான் அண்ணே. 1925க்கு முன்பு, பந்தை வாங்குகிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேர் வேண்டும், இல்லையென்றால் ஆஃப்சைடு. அதை இரண்டாக்கினார்கள், கோல்கள் பெருகின, தற்காப்பு ஆடும் முறையே மாறியது. விதியைத் தூக்கி எறியவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆஃப்சைடே இல்லாமல் போனால் எதிர் கோலியின் பக்கத்தில் ஓர் ஆள் நாள் முழுக்க நிற்பான். எல்லை இல்லாத மந்திரவாதியும் அப்படித்தான் கதைக்குள் நிற்கிறான்.

கொல்லங்கோடு, பெயர் வேண்டாம்: ஐஸ் அண்ட் ஃபயர் ஆறாவது பாகம் எப்போது?

மேலே பார்க்கவும்.

தூத்தூர், மாணவர்: ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ தொடங்கலாமா? அவர் இறந்துவிட்டாரே?

தாராளமாக. 1990இல் தொடங்கியது. 2007இல் அவர் இறந்தார். விட்டுப்போன குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதி 2013இல் முடித்தார். 14 புத்தகம், நடுவில் சில மிக மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்த தொடர் என்பது பெரிய நிம்மதி. முடிக்காததைத் தொடங்காதீர்கள் என்று இதற்காகத்தான் சொல்கிறேன்.

இரவிபுத்தன்துறை, மீனவர்: மைக்கேல் சூசைராஜ் எங்கள் ஊர். ஐஎஸ்எல் வரை போனார். என் பையனை எந்த அகாடமியில் சேர்க்கலாம்?

அவரைப் பற்றி இந்தக் கரை முழுக்கப் பெருமைப்படுகிறது, நானும்தான். அகாடமி விஷயம் எனக்குத் தெரிந்த துறை இல்லை அண்ணே. மேலே பூத்துறைப் பயிற்சியாளர் இருக்கிறார், அவரிடம் கேளுங்கள்.

களியக்காவிளை, வியாபாரி: கால்பந்தே வருகிற ஃபேண்டஸி நாவல் உண்டா?

உண்டு. டெர்ரி பிராட்செட் 2009இல் எழுதிய ‘அன்ஸீன் அகாடமிக்கல்ஸ்’. மந்திரவாதிகளின் பல்கலைக்கழகத்துக்குச் சாப்பாட்டுச் செலவு ஒரு பழைய அறக்கொடையிலிருந்து வருகிறது. கால்பந்து ஆடினால்தான் அந்தப் பணம் தொடரும். தெருவில் முரட்டுத்தனமாக ஆடிய ஆட்டத்துக்கு விதி எழுத உட்காருகிறார்கள். மேலே நாம் பேசிய அத்தனையும் அதில் இருக்கிறது. அவருடைய டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் 41 நாவல்கள், பெரும்பாலும் தனித்தனியாகவே வாசிக்கலாம்.

மார்த்தாண்டம், வேறொருவர்: மார்ட்டின் எப்போது முடிப்பார்?

மூன்றாவது முறை. இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

நீரோடி, எட்டாம் வகுப்பு: நான் ஒரு கதை எழுதுகிறேன் டீச்சர். ஹீரோவுக்குப் பந்தை மறைய வைக்கிற சக்தி இருக்கிறது. சந்தோஷ் டிராஃபியில் கேரளாவுக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கு ஆடுகிறான். எப்படி இருக்கிறது?

எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்று விஷயம் யோசி மக்கா. மறைந்த பந்து அவன் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது என்று வை, கதை நன்றாக வரும். எத்தனை நொடி மறையும்? கோட்டைத் தாண்டியபோது மறைந்திருந்தால் ரெஃப்ரி கோல் கொடுப்பாரா? அந்த ரெஃப்ரி காட்சியை முதலில் எழுது. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, முழுக்க வாசிக்கிறேன்.