நாசூக்கு எந்தப் பக்கம்?

கேள்வி: அடுத்த வாரம் ஒரு நிறுவனத்தில் இன்டர்வியூ. விளம்பரத்தில் 'தகுதிக்கேற்ற ஊதியம்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, ஆபீஸ் சூழல் எப்படி என்று நானே கேட்கலாமா? 'அவர்களாகச் சொல்லும்வரை வாயைத் திறக்காதே, பணத்தாசை பிடித்தவள் என்று நினைத்துவிடுவார்கள்' என்கிறார் என் மாமா. நாசூக்காகக் கேட்க ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகி)

பதில்: கேட்கலாமா என்றால், கேட்கலாம். ஒரே வார்த்தையில் முடிந்துவிட்டது. ஆனால் நாசூக்கு என்று ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அதை அவ்வளவு சுலபத்தில் விடுவதாக இல்லை.

இன்டர்வியூ அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் என்னவெல்லாம் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பழைய வேலையை ஏன் விட்டீர்கள்? நடுவில் எட்டு மாதம் சும்மா இருந்திருக்கிறீர்களே, என்ன விஷயம்? இப்போது என்ன வாங்குகிறீர்கள், மூன்று மாதச் சம்பளச் சீட்டு இருக்கிறதா? கல்யாணம் ஆகிவிட்டதா, ஆகப்போகிறதா, ஆனபிறகும் வேலைக்கு வருவீர்களா? உங்களுடைய மிகப் பெரிய பலவீனம் எது? முன்பின் தெரியாத ஆள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இதில் பாதியைக் கேட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவோம். இங்கே மட்டும், 'அளவுக்கு மீறி உழைப்பதுதான் சார் என் பலவீனம்' என்று கூசாமல் சொல்கிறோம். இத்தனையும் கேட்டு முடித்தவரிடம் 'மாதம் எவ்வளவு தருவீர்கள்' என்று கேட்பதற்கு நீங்கள் நாசூக்கு தேடுகிறீர்கள்.

நான் பார்த்தவரை, நாசூக்கு என்பது பணம் வர வேண்டியவரிடம் மட்டுமே எதிர்பார்க்கப்படுகிற குணம். கடன் கொடுத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வானிலையைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசி, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவார். வாங்கியவருக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர்கள்கூட 'சன்மானம் பற்றி நினைவூட்டுவதற்கு மன்னிக்கவும்' என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்கிறார்கள். (எங்கள் கணக்குப் பிரிவு இந்தப் பகுதியைப் படிக்கும் என்று நம்புகிறேன்.) நோர்வேயில் யார் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதை வரித்துறையின் பட்டியலில் நாட்டில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். 2014 முதல், பார்த்தது யார் என்பது பார்க்கப்பட்டவருக்கும் தெரியும் என்று ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான், பக்கத்து வீட்டுக்காரர் வருமானத்தைத் தேடுகிறவர்களின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்துவிட்டது. நாசூக்கு அப்படி ஒரே நாளில் வரக்கூடியதுதான்.

அடுத்து அந்த 'தகுதிக்கேற்ற ஊதியம்'. அதோடு எனக்கிருப்பது பழைய பகை. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். முன்பு இதைப் பற்றி எழுதியபோது மனிதவளத் துறைக்காரர் ஒருவர் கோபமாகக் கடிதம் போட்டார். சம்பளத்தை விளம்பரத்தில் போட்டால் பணத்துக்காக வருகிறவர்கள்தான் வருவார்களாம். 'நீங்கள் எதற்காகப் போகிறீர்கள்?' என்று பதில் போட்டேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

ஒரு வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி கிடைக்கும்போதே அதற்கு இவ்வளவிலிருந்து இவ்வளவுவரை என்று ஒரு தொகை ஒதுக்கப்பட்டுவிடும். உங்களைப் பேட்டி காண்பவரின் காகிதத்தில் அது இருக்கும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் 'உங்கள் எதிர்பார்ப்பு என்ன?' என்கிறார். நீங்கள் கூச்சப்பட்டு ஒதுக்கியதைவிடக் குறைத்துச் சொன்னால், முகத்தைக் கொஞ்சம் சுருக்கி, 'பார்க்கிறேன், மேலே பேச வேண்டும்' என்பார். மேலே பேச ஒன்றும் இருக்காது. ஆகவே அவர் கேட்டதும், 'இந்தப் பதவிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் சொல்ல வசதியாக இருக்கும்' என்று சொல்லுங்கள். அதையும் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். நான்கு சுற்று முடித்து, மூன்று நாள் லீவைத் தொலைத்து, கடைசியில் இப்போது வாங்குவதைவிடக் குறைவு என்று தெரிந்துகொள்வதில் யாருக்கு என்ன லாபம்?

உங்கள் மாமா பணத்தாசை என்று சொல்லும் இந்தக் காரியத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விண்ணப்பதாரரின் உரிமை என்றே எழுதிவைத்திருக்கிறது. ஆரம்பச் சம்பளத்தை, அல்லது எவ்வளவிலிருந்து எவ்வளவுவரை என்பதை, உரிய நேரத்தில் நிறுவனமே சொல்லிவிட வேண்டும். பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்கவே கூடாது. 27 உறுப்பு நாடுகளும் இதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க 2026 ஜூன் 7 கெடு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016இலேயே பழைய சம்பளக் கேள்வியைத் தடைசெய்து சட்டம் போட்டுவிட்டது. காரணம் எளிது. ஓரிடத்தில் குறைத்துக் கொடுத்தால், அடுத்த இடம் அதன்மேல் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறது. முதல் முதலாளியின் கஞ்சத்தனம் நீங்கள் ரிட்டயர் ஆகும்வரை கூடவே வருகிறது.

சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதே அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைப் பாருங்கள். 2021 ஜனவரி முதல் விளம்பரத்தில் சம்பளத்தைப் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். உடனே சில நிறுவனங்கள், 'நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், கொலராடோ தவிர' என்று விளம்பரம் கொடுத்தன. நியூயார்க் நகரில் 2022 நவம்பரில் இதே சட்டம் வந்தபோது ஒரு பெரிய வங்கியின் விளம்பரத்தில் சம்பளம் 0 டாலரிலிருந்து 20 லட்சம் டாலர்வரை என்று இருந்தது. கணினிக் கோளாறு என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அந்தப் பூஜ்யத்தின்மேல்தான் கண். 20 லட்சம் கேட்டு ஆயிரம் பேர் போயிருப்பார்கள், அதை விடுங்கள். யாராவது ஒருவர் போய், 'சார், எனக்கு ஆரம்பத் தொகையே போதும்' என்று சொல்லியிருந்தால்? அனுபவம் கூடக்கூட அவருக்கு எத்தனை சதவீத இன்கிரிமென்ட் போடுவார்கள்? பூஜ்யத்தில் பத்து சதவீதத்துக்கு வருமானவரிப் பிடித்தம் உண்டா? வருடக் கடைசியில் அவரைக் கூப்பிட்டு, 'இந்த வருடம் உங்கள் வேலை பிரமாதம், இரண்டு மடங்காக்கிவிட்டோம்' என்று கை குலுக்கினால் அவர் நன்றி சொல்ல வேண்டுமா? இதுவும் தகுதிக்கேற்ற ஊதியம்தான். தகுதியை யார் அளந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

வாயைத் திறக்காதே என்ற மாமாவுக்கு லில்லி லெட்பெட்டரின் கதையைச் சொல்லுங்கள். அலபாமா மாநிலத்தில் காட்ஸ்டன் என்ற ஊரில் குட்இயர் டயர் தொழிற்சாலை. அங்கே 1979இல் வேலைக்குச் சேர்ந்தார். ஏறத்தாழ பத்தொன்பது வருடம். ஓய்வுபெறும் காலம் நெருங்கியபோது அவருடைய பெட்டியில் யாரோ பெயர் போடாமல் ஒரு துண்டுச் சீட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். அதில் அவர் சம்பளமும், அதே வேலை பார்க்கும் சில ஆண்களின் சம்பளமும் இருந்தன. பிறகு நீதிமன்றத்தில் வெளியான கணக்குப்படி அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியில் இருந்த ஆண்களில் ஆகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2007இல் ஐந்துக்கு நான்கு என்று தோற்றார். சம்பளம் முடிவான 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டுமாம். சீட்டே பத்தொன்பதாவது வருடம்தான் வந்தது! 2009 ஜனவரியில் ஒபாமா அதிபரானதும் கையெழுத்திட்ட முதல் சட்டம் அவர் பெயரில் வந்தது. பாக்கிப் பணம் அவருக்கு வரவில்லை.

தொகையைச் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக அங்கேயே தலையாட்டிவிடாதீர்கள். சி.டி.சி. என்று வாய் நிறைய ஒன்றைச் சொல்வார்கள். உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு என்று அர்த்தம். அதில் ஓய்வுக்கால நிதிக்கு அவர்கள் போடும் பங்கு, இன்ஷூரன்ஸ், வந்தாலும் வரும் வராமலும் போகும் 'வேரியபிள்' எல்லாம் சேர்ந்திருக்கும். பிடித்தமெல்லாம் போக மாதம் கைக்கு எவ்வளவு, போன வருடம் வேரியபிளில் உண்மையில் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள், இந்த இரண்டும் போதும். இரண்டாவது கேள்விக்கு எண்ணாகப் பதில் வரவில்லையென்றால் அந்தப் பகுதியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

சூழலுக்கு வருவோம். 'உங்கள் கலாசாரம் எப்படி?' என்று கேட்டால், 'நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி' என்பார்கள். பெரும்பாலான குடும்பங்களில் அம்மாவுக்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. அந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்றால் உண்மையைத்தான் சொல்கிறார்கள். சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், மேன்மை என்று நான்கு கொள்கைகளைத் தன் 2000ஆம் ஆண்டு அறிக்கையில் அச்சடித்திருந்தது என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம். கணக்கு மோசடி அம்பலமாகி, 2001 டிசம்பரில் திவால். அந்த 'நேர்மை'யை டிசைன் செய்தவர் தன் பில் பணத்தை முன்னாலேயே வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நடந்ததைக் கேளுங்கள். இந்த இடத்தில் முன்பு இருந்தவர் எங்கே போனார்? எவ்வளவு காலம் இருந்தார்? கடைசியாக இந்தக் குழுவில் ஒருவர் ஒரு வாரம் லீவு போட்டபோது அவர் வேலையை யார் பார்த்தார்? நேற்று நீங்கள் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? இதையெல்லாம் மனிதவளத் துறையிடம் கேட்டுப் பயனில்லை. நீங்கள் யாருக்குக் கீழே வேலை செய்யப்போகிறீர்களோ அவரிடம் கேட்க வேண்டும். பதிலைவிட, பதிலுக்கு முன்னால் நடப்பதைக் கவனியுங்கள். முன்பு இருந்தவரைப் பற்றிக் கேட்டதும் எதிரே இருக்கும் இருவர் ஒருவரையொருவர் பார்த்து, யார் சொல்வது என்று கண்ணாலேயே முடிவு செய்தால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அப்புறம் என்ன சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளத்தைக் கேட்டதற்காகவே ஓரிடத்தில் உங்களைக் கழித்துக்கட்டுகிறார்கள் என்றால், ஆறு மாதம் உள்ளே இருந்து கண்டுபிடிக்க வேண்டியதை அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் உங்களிடம் 'கல்ச்சர் ஃபிட்' பார்ப்பார்கள், அதாவது அவர்கள் கூட்டத்துக்கு நீங்கள் ஒத்துவருவீர்களா என்று; அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் பெரிய வங்கிகளிலும் சட்ட நிறுவனங்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் ஆள் எடுப்பவர்களிடம் பேசி 2012இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். தங்களைப் போலவே பொழுதுபோக்கு உள்ளவர்களை அவர்கள் தேடித் தேடி எடுத்துக்கொண்டிருந்தது அதில் தெரிந்தது. சேர்ந்து விளையாட ஆள் வேண்டியிருக்கிறது, பாவம்.

வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகளின் யோக்கியதை என்றைக்குமே இப்படித்தான். தாமஸ் எடிசன் தன்னிடம் வேலை கேட்டு வந்த பட்டதாரிகளுக்கு ஒரு நீண்ட வினாத்தாள் வைத்திருந்தார். 1921 மே மாதம் அது பத்திரிகைகளில் வெளியாகி ஊரே சிரித்தது. பிரான்ஸைச் சுற்றி எந்தெந்த நாடுகள், வோல்கா நதி எங்கே இருக்கிறது, மடக்கையைக் கண்டுபிடித்தவர் யார், இப்படிப் போகும். அந்தச் சமயம் பார்த்து அமெரிக்காவுக்கு வந்திருந்த ஐன்ஸ்டைனிடமும் நிருபர்கள் அந்த மாதிரி ஒன்றை நீட்டினார்கள்: ஒலியின் வேகம் என்ன? சட்டென்று சொல்லத் தெரியாது, பாடப் புத்தகத்தில் இருப்பதையெல்லாம் நான் மனதில் சுமப்பதில்லை என்றார். எடிசனிடம் அவருக்கு வேலை கிடைத்திருக்காது. சம்பளத்தைக் கேட்பதா வேண்டாமா என்ற தர்மசங்கடமும் அந்த மனிதருக்கு வந்திருக்காது.