ஓடுபாதையும் ஒளிந்துகொள்ளும் அரசுகளும்

கேள்வி: புதிய ஓடுபாதையை எங்கே போடுவது என்பதை நிபுணர் குழுவிடமே விட்டுவிட்டால் என்ன? அரசியல்வாதிகள் புகுவதால்தானே எல்லாம் இழுத்தடிக்கிறது?

பதில்: லண்டனில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

மூன்றாவது விமான நிலையத்துக்கு இடம் தேட 1968இல் நீதிபதி ராஸ்கில் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. அன்றைய நாளில் மிக விரிவான செலவு-பயன் கணக்கு அவர்கள் போட்டதுதான். 1971இல் கிடைத்த விடை, கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் கப்ளிங்டன். அந்த ஊரை முன்னுக்குக் கொண்டுவந்தது பயணிகளின் நேரம். போட்டியிலிருந்த இன்னொரு இடமான கடலோரத்து ஃபௌல்னெஸ் தூரம், போய்வர நேரமாகும். அந்த நேரத்துக்கு விலை வைத்தார்கள், அதிலும் தொழில் விஷயமாகப் பறப்பவரின் ஒரு மணிக்குக் கூடுதல் விலை. காலின் புக்கானன் என்ற ஒரே உறுப்பினர் மறுத்து எழுதினார். அரசு கடலோரம்தான் என்றது. 1974இல் அதையும் கைவிட்டது.

பறப்பவரின் ஒரு மணி நேரம் பெரிதா, கீழே தூங்க முடியாதவரின் ஓர் இரவு பெரிதா? இதற்கு எந்தப் பொருளாதார அறிஞரும் விடை சொல்ல முடியாது. விலை போட்ட கணமே அவர் ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறார். ஆகவே, இடத்தைத் தேர்வது அரசியல்தான். அரசியலாகவே இருக்க வேண்டும் என்பேன்.

என் கோபம் வேறு. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் மூன்றாவது ஓடுபாதைக்கு 2009இல் தொழிற்கட்சி அரசு சம்மதித்தது. 2010இல் வந்த கேமரூன் அரசு ரத்து செய்தது. அதே அரசு 2012இல், புதிய ஓடுபாதை எங்கே என்று சொல்ல, ஹோவர்ட் டேவிஸ் தலைமையில் ஓர் ஆணையத்தை அமைத்தது. இறுதி அறிக்கை 2015 தேர்தல் முடிந்த பிறகு வந்தால் போதும் என்றது. வாக்காளரிடம் பதில் சொல்வதைத் தள்ளிப்போட நிபுணர்களைத் திரையாக்கிய வேலை இது. அறிக்கை சொன்னதும் ஹீத்ரோதான். 2018இல் நாடாளுமன்றம் 415க்கு 119 என ஒப்புக்கொண்டது. 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது, டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. இத்தனை ஆண்டும் ஹீத்ரோவை ஒட்டிய சிப்ஸன், ஹார்மண்ட்ஸ்வொர்த் கிராமத்தார் என்ன செய்வார்கள்? இடிபடுமோ என்ற வீட்டுக்குக் கூரை மாற்றுவார்களா? விற்கப் போனால் யார் வாங்குவார்கள்?

அதற்காக, அமைச்சர் வரைபடத்தில் விரல் வைத்தால் முடிந்தது என்று சொல்லவில்லை. ஜப்பான் அரசு 1966இல், அந்த இடத்திலிருந்த சன்ரிசுகா விவசாயிகளைக் கலக்காமலே நரிடா விமான நிலையத்தை அறிவித்தது. போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் புகுந்து கருவிகளை உடைக்கும் அளவுக்குப் போய், 1978 மே மாதம்தான் திறக்க முடிந்தது. முதலில் அந்த விவசாயிகளிடம் போயிருக்க வேண்டும்: இன்ன இழப்பு, இன்ன ஈடு, முடிவெடுத்தவன் நான் என்று நேரில் சொல்ல. பிரதமர் முராயாமா அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது 1995இல்.