கொசோவோவுக்கு ஒரு நியாயம், கேட்டலோனியாவுக்கு ஒரு நியாயமா?

கேள்வி: 2017இல் ஸ்பெயினிலிருந்து பிரிவதற்கு வாக்கெடுப்பு நடத்திய கேட்டலோனியாவில் 90 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். வாக்களிக்க வந்தவர்களைப் போலீஸ் அடித்து இழுத்ததை உலகமே பார்த்தது. ஆனாலும் ஒரு நாடுகூட அங்கீகரிக்கவில்லை. கொசோவோவைத் தூக்கிப் பிடித்த மேற்கு நாடுகள் இங்கே மட்டும் வாயை மூடிக்கொண்டது இரட்டை வேடம்தானே?
- வாசகர் ஒருவர், உடுமலைப்பேட்டை

பதில்: இரட்டை வேடம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் நீங்கள் சொன்ன கணக்கில் பாதியை விட்டுவிட்டீர்கள். 90 சதவீதம் என்பது வாக்களித்தவர்களில். வாக்களித்தவர்களோ மொத்த வாக்காளர்களில் 43 சதவீதம்தான். பல இடங்களில் போலீஸ் வாக்குப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனது உண்மை. பிரிவினை வேண்டாம் என்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே வரவில்லை என்பதும் உண்மை. ஆதரிக்க மனமில்லாத அரசுகளுக்கு இந்த 43 போதாதா?

உங்கள் கேள்வியை அப்போதே ஒருவர் கேட்டுவிட்டார் தெரியுமா? செர்பிய அதிபர் அலெக்சாண்டர் வூசிச்! கொசோவோ எங்களிடமிருந்து வாக்கெடுப்பே இல்லாமல் பிரிந்தபோது கைதட்டினீர்களே, இப்போது மட்டும் சட்டம் பேசுகிறீர்களா என்று ஐரோப்பிய ஒன்றியத்தைப் பார்த்துக் கேட்டார். அவருக்குக் கேட்டலோனியா மேல் பாசம் ஒன்றும் கிடையாது. கொசோவோ போன வயிற்றெரிச்சல். ரஷ்யாவின் புதினும் கொசோவோவைச் சொல்லி ஐரோப்பாவைக் குத்திக்காட்டினார். ஆனால் கேட்டலோனியா ஸ்பெயினின் உள்நாட்டு விவகாரம் என்றுதான் அவருடைய அரசும் சொன்னது.

கொசோவோ கதை வேறு. 1999இல் நேட்டோ விமானங்கள் செர்பியா மீது 78 நாள் குண்டு போட்டன. அப்புறம் ஒன்பது ஆண்டுகள் ஐ.நா. நிர்வாகம். 2008 பிப்ரவரியில் சுதந்திரப் பிரகடனம் வந்தபோது அமெரிக்கா மறுநாளே அங்கீகரித்தது. அந்தப் பிரகடனம் சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2010இல் கருத்துச் சொன்னதைக் கேட்டலோனியத் தலைவர்கள் மேற்கோள் காட்டாத மேடை இல்லை. மற்ற நாடுகள் அங்கீகரித்தே ஆகவேண்டும் என்று அந்த நீதிமன்றம் எங்கேயும் சொல்லவில்லை. அதை மேடையில் யாரும் சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், கொசோவோவை ஏற்காத ஐந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஸ்பெயினும் ஒன்று. இந்த விஷயத்தில் இரட்டை வேடம் போடாத நாடு என்று தேடினால் மாட்ரிட்டில்தான் போய் நிற்கவேண்டும்.

எனக்குக் கோபம் வெளிநாடுகள் மேல் குறைவு, கேட்டலோனியாவின் தலைநகர் பார்சிலோனாவில் இருந்தவர்கள் மேல்தான் அதிகம். அக்டோபர் 10 அன்று மாகாண அதிபர் கார்லஸ் புஜ்டமோன் பேசுவதைத் தெருவில் பெரிய திரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனிக் குடியரசாக மக்கள் ஆணை தந்துவிட்டார்கள் என்றதும் ஆரவாரம். சில நொடிகளில், அதை நிறுத்திவைப்போம், பேச்சு நடத்துவோம் என்றார். கொடி பிடித்து நின்றவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. எதற்காக நிறுத்தினார்? ஐரோப்பா நடுவில் புகுந்து பஞ்சாயத்துப் பண்ணும் என்ற நம்பிக்கையில். யாரும் வரவில்லை. 27ஆம் தேதி, எதிர்க்கட்சிகள் வெளியேறிய அவையில், 70 வாக்குகளோடு பிரகடனம் நிறைவேறியது. அன்றே மாட்ரிட் செனட் நேரடி ஆட்சிக்கு அனுமதி கொடுத்தது. மாகாண அரசு மாளிகையின் உச்சியில் ஸ்பெயின் கொடி பறந்தபடியே இருந்தது. அதை இறக்கக்கூட ஆளில்லை.

எங்களைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை, ஸ்பெயினோடு மட்டும்தான் பேசுவோம் என்று ஐரோப்பிய கவுன்சில் தலைவர் டொனால்டு டஸ்க் சொல்லிவிட்டார். பிரான்சுக்கு, பிரிவினைக் குரல் கேட்கும் தன் கோர்சிகா தீவு பற்றிய கவலை. நம் வெளியுறவுத் துறையும், ஸ்பெயின் அரசியல் சட்டத்துக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. காஷ்மீரை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்லும்? வாக்காளர்களைப் போலீஸ் அடித்தபோது வன்முறை தீர்வாகாது என்று வாய் திறந்த பிரதமர் பெல்ஜியத்தின் சார்லஸ் மிஷேல். அவருடைய கூட்டணியில், பெல்ஜியத்திலிருந்து பிரிய விரும்பும் ஃபிளெமிஷ் தேசியவாதிகள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேட்டலோனியா வாக்கெடுப்புக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னால், செப்டம்பர் 25 அன்று, ஈராக்கின் குர்துகளும் வாக்கெடுப்பு நடத்தினார்கள். அங்கே 72 சதவீதம் பேர் வந்து வாக்களித்தார்கள். அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் 'ஆம்'. வெளிப்படையாக ஆதரித்த நாடு இஸ்ரேல் மட்டும். ஐ.எஸ். அமைப்போடு மோத குர்துப் படையைப் பயன்படுத்திக்கொண்ட அமெரிக்காவே, இந்த வாக்கெடுப்பை ஏற்கமாட்டோம் என்றது. மூன்றே வாரத்தில், குர்துகள் கையிலிருந்த கிர்குக் நகரம் பாக்தாத் படையிடம் போய்விட்டது. ஆக, 43ஐ 72 ஆக்கியிருந்தாலும் கேட்டலோனியாவுக்கு அங்கீகாரம் வந்திருக்காது.

கேட்டலோனியாவுக்கு வெளியிலிருந்து உருப்படியான உதவி ஒன்று வந்தது. நாட்டைவிட்டுத் தப்பிப்போய் 2018இல் ஜெர்மனியில் பிடிபட்ட புஜ்டமோனைக் கிளர்ச்சிக் குற்றத்துக்காக ஒப்படைக்க முடியாது என்று அங்கே ஒரு மாகாண நீதிமன்றம் சொன்னது. மற்றதெல்லாம் மாட்ரிட்டிலிருந்தே வந்தது. சிறையிலிருந்த ஒன்பது கேட்டலோனியத் தலைவர்களுக்கு 2021இல் மன்னிப்பு. 2023 தேர்தலில் பெரும்பான்மை கிடைக்காத பிரதமர் பெட்ரோ சான்செஸ், ஆட்சியைக் காப்பாற்றிக்கொள்ள புஜ்டமோன் கட்சியின் ஏழு எம்.பி.க்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர்கள் கேட்ட விலை பொதுமன்னிப்புச் சட்டம். 2024இல் அதுவும் நிறைவேறியது.