மெக்சிகோவில் குடும்ப வேர்களைத் தேடிப் போவதற்கு முன் எப்படித் தயாராவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவியின் கொள்ளுத்தாத்தா 1920 வாக்கில் ஹலிஸ்கோ மாநிலத்திலிருந்து டெக்சாஸ் வந்தவர். ஊர்ப் பெயர் வீட்டில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது, "குவாடலஹாரா பக்கம்" என்று மட்டும் சொல்கிறார்கள். அடுத்த வருடம் இரண்டு வாரம் அங்கே போய்த் தேடலாமா, அதற்கு என்ன தயாரிப்பு வேண்டும் என்பது கேள்வி.

நானும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் பெண் எடுத்தவன். என் மாமியாரின் தாய்வழி ஹலிஸ்கோவின் வடகிழக்கில் உள்ள லோஸ் ஆல்டோஸ் மேட்டுநிலத்தைச் சேர்ந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஊர்ப் பெயர் கையில் இல்லாமல் விமான டிக்கெட் போடாதீர்கள். ஹலிஸ்கோவில் மட்டும் 125 முனிசிபியோக்கள் (நகராட்சிப் பகுதிகள்) இருக்கின்றன. அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவுகள் முனிசிபியோ வாரியாகவும், தேவாலயப் பதிவுகள் பங்கு (ஒரு கத்தோலிக்க தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட பகுதி) வாரியாகவும் இருக்கும். ஊர் தெரியாதவருக்கு எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்றே தெரியாது. "குவாடலஹாரா" என்று பெரியவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். வெளியூரில் கேட்பவர்களுக்குப் புரியட்டும் என்று பக்கத்துப் பெரிய நகரத்தின் பெயரைச் சொல்வது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானே.

அந்த ஊர்ப் பெயர் பெரும்பாலும் அமெரிக்கக் காகிதங்களில்தான் கிடைக்கும். முதலில் தேட வேண்டியது எல்லை தாண்டிய கார்டு. எல் பாசோ, லரேடோ, ஈகிள் பாஸ் போன்ற இடங்களில் உள்ளே வந்தவர்களுக்கு 1900களின் தொடக்கத்திலிருந்து 1950கள் வரை எழுதப்பட்ட கார்டுகள் ஃபேமிலிசர்ச், ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளி இணையதளங்கள் இரண்டிலும் இருக்கின்றன. பிறந்த ஊர், வயது, தொழில், உயரம், எங்கே யாரிடம் போகிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஒன்று உண்டு: புறப்பட்ட இடத்தில் விட்டு வந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும். அப்பா பெயரும் கிராமத்தின் பெயரும் ஒரே வரியில் கிடைத்துவிடும். அது கிடைக்காவிட்டால் 1940இல் வெளிநாட்டவர் எல்லோரும் கட்டாயமாகச் செய்த பதிவு, 1942 ஏப்ரலில் 45 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களிடம் எடுத்த ராணுவப் பதிவு, சோஷியல் செக்யூரிட்டிக்கு (அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டம்) போட்ட விண்ணப்பம், டெக்சாஸ் இறப்புச் சான்றிதழ் என்று வரிசையாகப் பாருங்கள். அவர் திருமணம் அமெரிக்காவில் கத்தோலிக்க தேவாலயத்தில் நடந்திருந்தால் அந்தப் பங்குக்கு ஒரு கடிதம் போடுங்கள். மாப்பிள்ளை எந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றவர் என்று கேட்டு எழுதி வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

கூடவே வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊர்ப் பெயரை நேராகக் கேட்டால் "ஞாபகமில்லை" என்று முடிந்துவிடும். ஊர்த் திருவிழா எந்த மாதம், எந்த மாதா, சந்தைக்கு எந்த ஊருக்குப் போனார்கள், ஆறு இருந்ததா என்று கேளுங்கள். செல்லப் பெயர்களையும் தெரிந்துகொண்டு போங்கள்: சூய் என்றால் பதிவில் ஹேசுஸ், பஞ்சோ என்றால் ஃபிரான்சிஸ்கோ, நாச்சோ இக்னாசியோ, கொஞ்சா கொன்செப்சியோன், சாயோ ரொசாரியோ. பழைய ஃபோட்டோக்களின் பின்பக்கத்தையும், ஜெபப் புத்தகத்துக்குள் செருகி வைத்த மரண நினைவு அட்டைகளையும் பார்க்காமல் விடாதீர்கள்.

சரி, ஊர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கிளம்ப வேண்டாம். யூட்டா மரபுவழிச் சங்கம் 1952 முதல் மெக்சிகோவின் பங்குப் புத்தகங்களை மைக்ரோஃபிலிம் எடுத்து வந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி இன்று ஃபேமிலிசர்ச்சில் இலவசம். சில படங்களை மட்டும் அவர்களுடைய மையங்களிலோ இணைப்பு நூலகங்களிலோ போய்த்தான் பார்க்க முடியும். பெயர் போட்டுத் தேடி வரவில்லையென்றால் பதிவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அட்டவணை போட்டவர்கள் கையெழுத்தைத் தவறாகப் படித்திருப்பார்கள். ஊரையும் வருடத்தையும் தேர்ந்தெடுத்து, படம் படமாகப் புரட்டுங்கள். ஹிமேனெஸ் 'எக்ஸ்' எழுத்தில் தொடங்கும், எர்னாண்டெஸில் 'ஹெச்' இருக்காது, 'பி'யும் 'வி'யும் இடம் மாறும், மரியா என்பது 'எம்.ஏ.' என்று சுருங்கியிருக்கும்.

ஒரு ஞானஸ்நானப் பதிவில் என்ன இருக்கும் என்று தெரிந்தால் இவ்வளவு சொல்வது ஏன் என்று உங்களுக்கே புரியும். தேதி, குருவானவர் பெயர், குழந்தை பிறந்து எத்தனை நாள், எந்த ராஞ்சோவில் (ஊருக்கு வெளியே உள்ள சிறு பண்ணைக் குடியிருப்பு) பிறந்தது, முறையான பிள்ளையா இல்லையா, அப்பா, அம்மா. அதற்கப்புறம் அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழித் தாத்தா பாட்டி, கடைசியில் ஞானப்பெற்றோர், "அவர்களுடைய கடமையையும் ஆன்மிக உறவையும் எடுத்துச் சொன்னேன்" என்று குருவின் கையெழுத்து. அரைப் பக்கத்தில் மூன்று தலைமுறை! பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரை விடாததால் பாட்டிகளின் வழியும் அறுந்துபோகாது. 1908க்குப் பிறகு ஓரக்குறிப்பையும் பாருங்கள். ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும் அவர் ஞானஸ்நானம் பெற்ற புத்தகத்தின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும் என்ற திருச்சபை விதி அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஹலிஸ்கோ கிராமத்துப் புத்தகத்தின் ஓரத்தில் டெக்சாஸ் திருமணம் இருக்கலாம்.

திருமணத்துக்கு முன் குருவானவர் நடத்திய விசாரணைக் கட்டுகள் இன்னும் பெரிய புதையல். லோஸ் ஆல்டோஸில் சொந்தத்துக்குள் கட்டுவது சகஜம். நம் ஊரில் மாமன் மகளைக் கட்டுவது உரிமை. அங்கே அதற்கு ஆயரிடம் விலக்கு வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்தோடு, இருவருக்கும் பொதுவான மூதாதையரை மேலே போட்டு, இரண்டு பக்கமும் தலைமுறை தலைமுறையாக இறங்கும் மரத்தைக் குருவே வரைந்து வைத்திருப்பார். 1700களில் மையால் வரைந்த அந்தக் கோடுகளில் என் மாமியாரின் முன்னோர்களைப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

அரசுப் பதிவு 1859இல் மெக்சிகோ அதிபர் ஹுவாரெஸ் காலத்துச் சட்டத்தால் வந்தது. நடைமுறைக்கு வந்தது பெரும்பாலும் 1867க்குப் பிறகுதான். பக்தி மிகுந்த ஊர்களில் பலர் நெடுநாள் தேவாலயத்தோடு நிறுத்திக்கொண்டார்கள், அதனால் இரண்டையும் பாருங்கள். 1926 ஜூலை முதல் 1929 ஜூன் வரை கணக்கு தலைகீழ். அரசோடு ஏற்பட்ட மோதலில் ஆயர்கள் பொது வழிபாட்டை நிறுத்தினார்கள், அரசை எதிர்த்துக் கத்தோலிக்கர்கள் ஆயுதம் ஏந்திய கிறிஸ்டெரோ போர் மூண்டது, லோஸ் ஆல்டோஸ்தான் அதன் மையம். ஞானஸ்நானங்கள் வீடுகளில் ரகசியமாக நடந்தன. அந்த வருடங்களுக்கு அரசுப் பதிவை நம்புவதே மேல். 1930 மெக்சிகோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஃபேமிலிசர்ச்சில் இருக்கிறது, தலைநகர் தவிர. ஊரில் தங்கிவிட்ட அண்ணன் தம்பிகளைக் கண்டுபிடிக்க அதுபோல ஒன்று கிடையாது.

இவ்வளவையும் வீட்டிலிருந்தே முடித்துவிட்டால் பயணம் எதற்கு? வலையில் இல்லாதவற்றுக்கு. கல்லறை, ராஞ்சோ நிலம், அண்மைக்காலப் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மனிதர்கள். பல முனிசிபியோக்களில் 'க்ரோனிஸ்டா' என்று ஊர் வரலாற்றாளர் ஒருவர் இருப்பார். நகராட்சிக்கு முன்கூட்டியே எழுதி அவருடைய தொடர்பை வாங்குங்கள். எந்தக் குடும்பம் எந்த ராஞ்சோ, இப்போது யார் அங்கே இருக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. பங்கு அலுவலகத்துக்கும் ஸ்பானிஷில் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்: பெயர், ஏறக்குறைய வருடம், பெற்றோர் பெயர், ஏற்கெனவே பார்த்துவிட்ட புத்தகங்கள். அலுவலகச் செயலாளருக்கு அன்றாட வேலை நிறைய உண்டு. "என் முன்னோர்களைத் தேட வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகப் போய் நின்றால் அவராலும் உதவ முடியாது, இந்த ஒரு பதிவு வேண்டும் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார். காணிக்கையாகக் கொஞ்சம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மெக்சிகோ நகரத்தில், பழைய லெகும்பெர்ரி சிறைக் கட்டடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கச் சொல்வார்கள். குறிப்பிட்ட கோப்பு எண் கையில் இருந்தால் ஒழிய அது வேண்டாம், அந்த நாளையும் ஊரிலேயே செலவழியுங்கள். நிலப் பத்திரங்களுக்கு முதலில் நோட்டரி ஆவணங்களைப் பாருங்கள். ஃபேமிலிசர்ச்சின் முழுவாசகத் தேடலில் மெக்சிகோ நோட்டரி பத்திரங்கள் ஒரு பகுதி வந்துவிட்டன. லோஸ் ஆல்டோஸ் சிறு நில உடைமையாளர்கள் நிறைந்த பகுதி என்பதால் உயில், விற்பனை, பாகப்பிரிவினை எல்லாம் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

தேதி விஷயம். புனித வாரத்திலும், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி 6 வரையிலும் அலுவலகம் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பிப்ரவரி 2ஐ ஒட்டி சான் ஹுவான் டெ லோஸ் லாகோஸ் பக்கம் யாத்திரிகர் கூட்டத்தில் அறை கிடைக்காது. ஊர்த் திருவிழாவில் 'வெளியூரில் இருக்கும் பிள்ளைகள்' நாள் என்று ஒன்றைப் பல ஊர்களில் கொண்டாடுவார்கள், அமெரிக்காவில் இருக்கும் சொந்தங்கள் எல்லாம் அன்றைக்கு வந்து சேரும். ஆவண வேலை குறைவாகவும் உறவு தேடுவது அதிகமாகவும் இருந்தால் அந்த வாரத்தைப் பிடியுங்கள்.

பாதுகாப்பை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹலிஸ்கோவின் வடகிழக்குப் பகுதியிலும் பக்கத்துச் சகாடெகாஸ் மாநிலத்திலும் கும்பல் வன்முறை இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் எச்சரிக்கையைக் கிளம்பும் முன் படியுங்கள், சுங்கச் சாலையில் பகலில் மட்டும் போங்கள், ராஞ்சோவுக்கு உள்ளூர்க்காரர் துணை இல்லாமல் போகவே வேண்டாம். உங்களுடையது இந்தியப் பாஸ்போர்ட் என்றால், செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் மெக்சிகோவுக்குச் சுற்றுலாவாகப் போகத் தனி விசா தேவையில்லை.

கையில் எடுத்துப் போகக் குடும்ப மரத்தை ஸ்பானிஷில், பெரிய எழுத்தில், பல பிரதிகள் அச்சடித்துக்கொள்ளுங்கள். பழைய ஃபோட்டோக்களின் நகல்களும் வேண்டும், அங்கே இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு வருவதற்கு. ஊரை விட்டுப் போனவர் அப்புறம் என்ன ஆனார் என்று அங்கேயும் ஒரு குடும்பம் நூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

இப்போதைக்கு அந்த எல்லைக் கார்டைத் தேடுங்கள். கிடைத்ததும் பிறந்த ஊர் என்ற கட்டத்தில் இருப்பதை எழுத்துப்பிழையைக் கூடத் திருத்தாமல் அப்படியே இங்கே எழுதுங்கள். லோஸ் ஆல்டோஸ் பக்கத்து ஊராக இருந்தால் எந்தப் பங்கின் புத்தகம் என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.