குலத் தலைவர் கையெழுத்து செல்லுமா?

கேள்வி: தெற்கு எத்தியோப்பியாவில் யாபெல்லோ அருகே பழைய கிணறுகளைச் சீரமைக்கும் திட்டத்தில் பணிபுரிகிறேன். கிணற்றுக்கு உரிமையுள்ள போரானா குலத்தின் தலைவர் என்று ஒரு பெரியவரைத் தரகர் அழைத்து வந்தார். அவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டார். இது போதுமா?

பதில்: போதாது. தரகருக்குப் பணம் கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

ஒரோமோ மக்களில் ஒரு பிரிவினரான போரானாக்களிடம் குலம் உண்டு. குலத்துக்கென்று தனி ஊர் கிடையாது. சப்போ, கோனா என்ற இரு பாதிகளுக்குள் குலங்கள் அடங்கும். ஒரு பாதியில் பிறந்தவர் மறுபாதியில்தான் மணம் முடிக்க வேண்டும். ஒரே குலத்தார் கென்யாவின் மர்சபிட், இசியோலோ வரை சிதறி வாழ்கிறார்கள். அப்படியிருக்க, "இந்த ஊர்க் குலத் தலைவர்" எங்கிருந்து முளைத்தார்?

கடா என்பது தலைமுறைக் குழுக்கள் முறைவைத்துப் பொறுப்பேற்கும் ஆட்சிமுறை. அதன் தலைவராக எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும் அப்பா கடாவும் குலத் தலைவர் அல்லர். கடா முறைப்படி போரானா முழுமைக்கும் அவர் பொது. கடா முறையை 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த பிறகு, "அப்பா கடாவின் ஆள் நான்" என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தாலும் நம்பிவிடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தரகர்கள் பிடித்துத் தொங்குவதும் அதைத்தான். பரம்பரையாக வரும் பதவி ஒன்று இருக்கிறது: கால்லு. சப்போவில் கரய்யு குலத்திலும் கோனாவில் ஒடிட்டு குலத்திலும் அது தொடர்கிறது. மரியாதைக்குரிய பதவி, மறுக்கவில்லை. ஆனால் அது சடங்கும் ஆசியும் சார்ந்தது. கால்லுவின் உறவினர் என்று சொல்லிக்கொள்பவருக்கு உங்கள் கிணற்றின் மீது அதனால் எந்த அதிகாரமும் வந்துவிடாது.

ஆழமான தூலா கிணறுகள் குலத்தின் பெயரில்தான் வழங்கும். ஆனால் பேச வேண்டியவர்கள் இருவர்: கிணற்றைத் தோண்ட முன்னின்றவரின் உரிமையைத் தாங்கி நிற்கும் 'கொன்ஃபி', யாருடைய மாடு எந்த நாளில் குடிக்கும் என்று முறை வகுக்கும் 'அப்பா ஹெரேகா'. அவர்களும் தனியாக முடிவெடுப்பதில்லை. பெரியவர்கள் கூடிப் பேசியே ஒப்புவார்கள். அதற்குச் சில நாட்கள் ஆகலாம்.

உங்கள் அலுவலகப் படிவத்திலோ "உரிமையாளர் பெயர்" என்று ஒரே ஒரு கோடு இருக்கும். தலைநகரில் உட்கார்ந்து படிவம் அச்சடிப்பவர்களுக்கு ஒரு கையெழுத்து போதும். தரகர்களின் பிழைப்பு அந்தக் கோட்டில்தான் நடக்கிறது.

மாடுகளுக்குத் தண்ணீர் இறைக்கும் காலையில் தரகர் இல்லாமல் நேரே கிணற்றுக்குப் போங்கள். வரிசையில் நிற்கும் மேய்ப்பர்களிடம் அப்பா ஹெரேகா யார் என்று கேளுங்கள். கூட்டம் கூடி ஒப்பும்வரை கிணற்றில் ஒரு கல்லையும் அசைக்காதீர்கள்.