பத்தாவது படிக்கற பையன் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான், இது வயசா, வியாதியா?

திருப்பூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பையனுக்கு 15 வயசு. போன வருஷம் வரைக்கும் ஸ்கூல்ல நடந்தது பூரா என்கிட்ட ஒப்பிச்சிட்டு இருந்தவன் இப்போ சாப்பிட்டியான்னு கேட்டாலே எரிஞ்சு விழறான், கதவை அறைஞ்சு சாத்தறான். ராத்திரி 1 மணி வரைக்கும் போன். போன மாசம் ஃபிரெண்டோட பைக்ல மூணு பேரா போயி விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டு வந்தான், ஓட்டினது இவன்தான். ரெண்டு போட்டா சரியாயிடும்னு அவங்கப்பா போட்டாரு, இன்னும் மோசமாயிடுச்சு. இது வயசுக்கோளாறா, டாக்டர்கிட்ட காட்டணுமா?"

பைக்ல இருந்தே ஆரம்பிக்கறேன்மா, ஏன்னா இந்த வயசு மூளை எப்படி வேலை செய்யுதுன்னு அதுலதான் நல்லா தெரியும். பையன் நல்ல மூடுல இருக்கும்போது "ஹெல்மெட் இல்லாம மூணு பேர் போறது சரியா"ன்னு கேட்டுப் பாருங்க, தப்புன்னு சொல்லுவான், ஏன் தப்புன்னு உங்களைவிட நல்லாவே சொல்லுவான். அப்புறம் ஏன் போனான்னா, நிதானமா உக்காந்து யோசிக்கற திறமை 16 வயசுலயே கிட்டத்தட்ட பெரியவங்க அளவுக்கு வந்துடுது, ஆனா ஃபிரெண்ட்ஸ் சுத்தி நிக்கும்போது, கோவம் தலைக்கேறும்போது பிரேக் போடற சக்தி இருக்கே, அது வர இன்னும் பல வருஷம் ஆகும்.

அமெரிக்காவுல டெம்பிள் யுனிவர்சிட்டியில லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க் குழு 2011-ல இதை சோதிச்சுப் பார்த்தாங்க. 14-ல இருந்து 18 வயசுப் பசங்களை ஸ்கேன் மெஷினுக்குள்ள படுக்க வெச்சு ஒரு டிரைவிங் கேம் ஆட விட்டாங்க, மஞ்ச லைட்டு விழுந்தா நிக்கணுமா பறக்கணுமான்னு அவங்களே முடிவு பண்ணணும். தனியா ஆடும்போது பெரியவங்க மாதிரியேதான் ஆடினாங்க. ஃபிரெண்ட்ஸ் பக்கத்து ரூம்ல இருந்து பார்த்துட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சதும் அதே பசங்க சிக்னலை மதிக்காம போறது கூடிடுச்சு, கூடவே மூளையில சந்தோஷம், பரிசு இதெல்லாம் உணர்ற பகுதி இன்னும் அதிகமா வேலை செஞ்சுது. 24 வயசுக்கு மேல இருந்தவங்ககிட்ட அந்த மாற்றமே இல்ல. ஃபிரெண்ட்ஸ் பக்கத்துல கூட இல்லைங்கறதை கவனிங்க, பார்க்கறாங்கன்னு தெரிஞ்சதே போதுமா இருந்திருக்கு. அதனால "கூட்டாளிங்க சரியில்ல"ன்னு நாம சொல்றோமே, அது பாதிதான் உண்மை, நல்ல பசங்க நாலு பேர் சேர்ந்தாலும் இது நடக்கும்.

மூளையோட சைஸைப் பார்த்தா 6 வயசுலயே பெரியவங்க மூளையில கிட்டத்தட்ட 90 சதவீதம் வந்துடுது, அதுக்கப்புறம் நடக்கறதெல்லாம் உள் வேலை. முருங்கையை கவாத்து பண்ற மாதிரி, புழங்காத இணைப்புங்களை மூளை வெட்டி விட்டுட்டு புழங்கறதை பலமாக்குது, நரம்பு மேல கொழுப்புல ஒரு உறை போடுது, அதனால சேதி வேகமா போகும். இந்த வேலை பின்பக்கத்துல ஆரம்பிச்சு முன்னாடி வருது. நெத்திக்குப் பின்னாடி இருக்கற ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ், அதுதான் "இரு, யோசி"ன்னு சொல்ற இடம், அது முழுசா முடிய 25 வயசு கிட்ட ஆயிடும். உணர்ச்சிகளைக் கிளப்பற உள்பகுதிங்க மட்டும் வயசுக்கு வரும்போதே ஹார்மோனோட சேர்ந்து முழு வேகத்துல ஓட ஆரம்பிச்சிடுது.

இதுல இருந்து எனக்குத் தோணற ஒரே விஷயம், அவனுக்கு ஏற்கனவே தெரிஞ்ச நல்லது கெட்டதை திரும்பத் திரும்ப சொல்றதை விட்டுட்டு அந்த சூட்டு நேரத்தை மாத்துங்க. கதவை அறைஞ்சு சாத்தினா அந்த நிமிஷமே போய் தட்டாதீங்க, அந்த நேரத்துல அவன் காதுல எதுவும் ஏறாது, ஒரு அரை மணி நேரம், ஒரு மணி நேரம் விட்டுட்டு தோசை சுடும்போது பேசுங்க, முகத்துக்கு முகம் பார்க்காம பக்கத்துல நின்னு பேசினா இந்தப் பசங்க வாயைத் திறப்பாங்க. பைக் சாவி ஆணியில தொங்கக்கூடாது. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயசு ஆகாத பையன் ஓட்டி குத்தம் ஆனா வண்டிக்குச் சொந்தக்காரர், அப்பா அம்மா மேல 25,000 ரூபா ஃபைன், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது, இதை மிரட்டலா சொல்லாம வீட்டு விஷயமா அவங்கப்பா உக்கார வெச்சு சொல்லட்டும்.

அடியைப் பத்தி அவங்கப்பாகிட்ட நான் சொன்னதா சொல்லுங்க, 15 வயசுல அடி வாங்கின பையனுக்கு உள்ள நிக்கறது அவமானம் மட்டும்தான், என்ன தப்பு பண்ணினோம்ங்கறது மறந்தே போயிடும், அடுத்த தடவை மறைக்கத்தான் கத்துக்குவான். தண்டனையே வேண்டாம்னு சொல்லல, முன்னாடியே பேசி வெச்ச, சின்னதா, அன்னைக்கே முடியற தண்டனை போதும்.

தூக்கம், இதை யாரும் கணக்குல எடுக்கறதே இல்ல, எனக்கு இதுலதான் ரொம்ப ஆதங்கம். இந்த வயசுல தூக்கம் வர வைக்கற மெலடோனின் சுரக்கறது சின்ன வயசைவிட 1, 2 மணி நேரம் தள்ளிப் போயிடுது, 9 மணிக்கே படுன்னா நிஜமாவே அவனுக்குத் தூக்கம் வராது. ஆனா 8-ல இருந்து 10 மணி நேரம் தூங்கியே ஆகணும். என்கிட்ட வந்த ஒரு பிளஸ் ஒன் பையன், அவங்கம்மா "யாரையும் மதிக்கறதில்ல டாக்டர்"னு அழுதுட்டு இருக்காங்க, இவன் என் டேபிள் ஓரத்துல பேந்திருந்த சன்மைக்காவை நகத்தால கிள்ளிக்கிட்டே இருக்கான். அம்மாவை வெளிய இருக்கச் சொல்லிட்டு எத்தனை மணிக்கு எந்திரிப்பேன்னு மட்டும்தான் கேட்டேன். நாலரைக்கு, அஞ்சு மணிக்கு டியூஷன்னான். படுக்கறது? பன்னெண்டரை. விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டு அவனே "நாலு மணி நேரம்தான்ல"ன்னான், அப்பத்தான் முதல் தடவையா என்னை நிமிந்து பார்த்தான். காலை டியூஷனை நிறுத்தி சாயங்காலத்துக்கு மாத்தினதுல கோவம் பாதி குறைஞ்சுது, மீதி பாதிக்கு கிளாஸ்ல பசங்க அவனை ஒரு பேர் வெச்சுக் கூப்பிட்டது காரணம்னு மூணாவது தடவை வந்தப்போதான் சொன்னான். உங்க வீட்டுல ராத்திரி 10 மணிக்கு மேல எல்லா போனும் ஹால்ல சார்ஜ் ஏறட்டும், எல்லா போனும்னா உங்களுது, அவங்கப்பாவுது உட்பட.

இனி வியாதியாங்கற கேள்வி. உலக சுகாதார நிறுவனம் சொல்றபடி 10-ல இருந்து 19 வயசுக்குள்ள இருக்கறவங்கள்ல 7-ல ஒருத்தருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கு, அதனால எல்லாத்தையும் வயசு மேல போட்டுடவும் கூடாது. நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, டீனேஜ் பசங்களுக்கு டிப்ரெஷன் வந்தா சோகமா உக்காந்திருக்கணும்னு இல்ல, எரிச்சலாவும் கோவமாவுமே வெளிய வரலாம். நான் பார்க்கறது இதுதான்: வீட்டுல கத்தறவன் வெளிய ஃபிரெண்ட்ஸோட சிரிச்சு விளையாடறான், சாப்பிடறான், கிரிக்கெட்டுக்குப் போறான்னா பெரும்பாலும் வயசு. ரெண்டு வாரத்துக்கு மேல பெரும்பாலான நாள் எரிச்சல், கூடவே பிடிச்ச விளையாட்டையே விட்டுட்டான், ஃபிரெண்ட்ஸையும் ஒதுக்கறான், சாப்பாடு மாறிப்போச்சு, மார்க் திடீர்னு விழுந்துச்சு, ஸ்கூலுக்கே போகமாட்டேங்கறான்னா காட்டியே ஆகணும். பாக்கு, கஞ்சா சந்தேகம் வந்தாலும், வெயில்லயும் முழுக்கை சட்டை போட்டு கையை மறைச்சாலும் (கையைக் கீறிக்கிட்டிருக்கலாம்) ரெண்டு வாரம் காத்திருக்காதீங்க.

"செத்துடலாம் போல இருக்கு"ங்கற மாதிரி எது சொன்னாலும், சும்மா மிரட்டறான்னு விடாதீங்க. "சாகணும்னு தோணுதா கண்ணு"ன்னு நேரா கேளுங்க, கேட்டா எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க, அப்படி வராது, கேட்டா ஒருத்தர்கிட்ட சொல்ல வழி கிடைக்கும். பூச்சி மருந்து, எலி மருந்து, பாட்டியோட மாத்திரை டப்பா எல்லாத்தையும் அன்னைக்கே பூட்டுங்க, அவனைத் தனியா விடாதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

கவர்மென்ட் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, காசு கிடையாது. டெலி மானஸ்ங்கற கவர்மென்ட் மனநல ஹெல்ப்லைன் நம்பர் 14416, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம், நீங்க மட்டும் கூட முதல்ல கூப்பிடலாம். அவனைக் கூட்டிட்டுப் போகும்போது எங்கேன்னு சொல்லாம ஏமாத்திக் கூட்டிட்டுப் போகாதீங்க, "உனக்கும் எனக்கும் சண்டை ஜாஸ்தியாயிடுச்சு, எனக்கும் எப்படிப் பேசறதுன்னு தெரியல, ரெண்டு பேரும் போய் கேப்போம்"னு சொல்லுங்க, உள்ள போனதும் கொஞ்ச நேரம் அவனைத் தனியா பேச விட்டுட்டு நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க.