ஆர்எக்ஸ் 100 வண்டியில் கார்பன் அடைப்பு: இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டுமா?

கேள்வி: "1994 மாடல் ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். டவுனுக்குள் மட்டும்தான் ஓட்டுகிறேன். முன்பிருந்த இழுவை இல்லை, 45க்கு மேல் போனால் முக்குகிறது, புகையும் அதிகம். கார்பன் ஏறிவிட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் ஒரு பாட்டில் விட்டால் சரியாகாதா?"

கிளீனரால் ஆகாது. அதற்காக இன்ஜினைப் பிரிக்கவும் ஓடாதீர்கள். முதலில் சைலன்சரின் வால் பக்கம் இருக்கும் அந்த ஒற்றை போல்ட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் பாஃபிளை (சத்தத்தைக் குறைக்கும் ஓட்டை போட்ட குழாய்) வெளியே இழுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டிலும் இதே வண்டி இருக்கிறது. இழுவை குறைகிறது என்று தோன்றினால் நான் முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் இன்ஜின் ஆயில் தனியாகச் சுற்றி வரும். எரிவது பெட்ரோல் மட்டும். ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக் வண்டி, அதில் அப்படியில்லை. ஆட்டோலூப் பம்ப் (ஆயிலைத் தானாக அளந்து விடும் பம்ப்) அனுப்பும் 2டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் ஆயில், பெட்ரோலோடு கலந்து உள்ளே போய், கிராங்க், பேரிங், பிஸ்டன் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, கடைசியில் எரிந்துதான் வெளியேற வேண்டும். எரிந்தும் எரியாமலும் மிச்சமிருப்பது போகிற வழியெல்லாம் கரியாகவும் பிசினாகவும் ஒட்டும். பிஸ்டன் தலை, ஹெட்டின் (சிலிண்டர் மூடி) உள்பக்கம், எக்ஸாஸ்ட் போர்ட் (சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வாய்), பெண்ட் பைப், பாஃபிள் என்று ஓர் இடம் விடாது. இந்த வரிசையில் கடைசியில் இருப்பதும், குளிர்ச்சியாக இருப்பதும், ஓட்டைகள் சின்னதாக இருப்பதும் பாஃபிள்தான். அதனால் அதுவே முதலில் அடைக்கிறது.

நீங்கள் சொல்லும் "45க்கு மேல் முக்குகிறது" என்பதும் அதற்குப் பொருந்துகிறது. டூ ஸ்ட்ரோக்கில் எரிந்த புகை வெளியே போவதும் புதுக் கலவை உள்ளே வருவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கின்றன. வெளியேறும் வழி குறுகினால் பழைய புகை சிலிண்டரிலேயே தங்கிவிடும். புதுக் கலவைக்கு இடம் இருக்காது. மூக்கடைத்தவன் மெதுவாக நடப்பான், ஓடச் சொன்னால் நின்றுவிடுவான். இதுவும் அப்படித்தான்: ஸ்லோவில் ஒழுங்காக ஓடும், ஆர்பிஎம் ஏறினால் திணறும்.

கிளீனரில் இருக்கும் மருந்து, பெட்ரோல் திரவமாகப் பட்டுப் போகிற இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும். கார்புரேட்டர், ஜெட் வரைக்கும் சரி. சிலிண்டருக்குள் போனதும் அது பெட்ரோலோடு எரிந்துவிடுகிறது. சைலன்சரை எட்டும்போது அதில் என்ன மிச்சம் இருக்கும்?

சரி, பாஃபிளை வெளியே எடுத்தாயிற்று. குழாய்க்குள் வெளிச்சம் அடித்து ஓட்டைகள் தெரிகின்றனவா பாருங்கள். சந்தேகமாக இருந்தால் பாஃபிள் இல்லாமல் தெருக்கோடி வரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இழுவை திரும்பியிருந்தால் திருடன் அகப்பட்டான். சத்தம் பிடித்துப்போய் அப்படியே மாட்டாமல் விட்டுவிடும் தம்பிகள் ஊருக்கு ஊர் உண்டு, அதைச் செய்யாதீர்கள். அந்த சைலன்சர் பாஃபிளோடு சேர்த்து வடிவமைத்தது. எடுத்துவிட்டால் கீழ் வேகத்தில் இழுவை போகும், போலீஸ்காரரும் ஓரங்கட்டச் சொல்வார்.

பாஃபிளைச் சுத்தம் செய்வது எளிது. கேஸ் வெல்டிங் கடையில் கொடுத்தால் நெருப்பு காட்டிச் சிவக்க வைத்துத் தருவார்கள். ஆறியதும் தட்டி, கம்பி பிரஷ் போட்டால் கரி உதிர்ந்துவிடும். சைலன்சர் முழுவதையும் இப்படிச் சூடு காட்டக் கூடாது, குரோம் நீலம் பாய்ந்து கெட்டுப்போகும். இந்த வண்டி 1985 முதல் 1996 வரைதான் வந்தது. ஒரிஜினல் சைலன்சர் இப்போது கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சைலன்சரின் உடலுக்குள் இருக்கும் கரிக்குக் காஸ்டிக் சோடா போடுவார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 100 கிராம் போதும். வாளியில் தண்ணீரை முதலில் எடுத்து அதில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ரப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போடாமல் இதைத் தொடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சைலன்சரின் ஒரு முனையை மரக்கட்டையால் அடைத்து, நிமிர்த்தி வைத்து, ஊற்றி, திறந்தவெளியில் ஓர் இரவு விடுங்கள். மறுமுனையை ஒருபோதும் அடைக்கக் கூடாது. காலையில் கறுப்பாக வடியும். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, வெயிலில் காய வைத்து மாட்டுங்கள். இன்னொன்று: காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும். பிஸ்டன், ஹெட், கார்புரேட்டர் எதன் பக்கமும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

சைலன்சர் கழற்றியிருக்கும்போதே எக்ஸாஸ்ட் போர்ட்டையும் பார்த்துவிடலாம். கிக்கரை மெதுவாக அழுத்தி, பிஸ்டன் மேலே வந்து அந்த வாயை மறைத்து நிற்கும்படி வையுங்கள். அப்போது சுரண்டும் கரி சிலிண்டருக்குள் விழாது. மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவிக்கொண்டால் போதும். ஹேக்சா பிளேடால் சுரண்டும் கடைகள் உண்டு. அதன் கீறலில் அடுத்த கரி இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

ஹெட்டை எப்போது திறப்பது? மேட்டில் ஏறும்போது இன்ஜினில் 'டக் டக்' என்று நாக்கிங் கேட்டாலோ, சாவியை அணைத்த பிறகும் ஓரிரு சுற்று ஓடி நின்றாலோ திறக்கலாம். உள்ளே திரண்ட கரி தணலாக நின்று, பிளக் பொறி விடும் முன்பே கலவையைப் பற்ற வைக்கிறது என்று அர்த்தம். அதோடு ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழலாம். நான்கு நட்டுதான், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கழற்ற வேண்டும். பிஸ்டனை மேலே கொண்டுவந்து, ஓரத்தைச் சுற்றி கிரீஸ் தடவிவிட்டுச் சுரண்டினால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கிரீஸை வழித்து எடுத்துவிடலாம்.

பிளாக்கை, அதாவது சிலிண்டரையே, உருவுவது வேறு கதை. கிக்கர் மிதிக்கும்போது முன்பைவிட லேசாகப் போகிறதா? அப்படியானால் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது தேய்ந்திருக்கலாம். அப்போது மட்டும் மெக்கானிக் சொல்வது சரி. ரிங் பள்ளத்தைச் சுத்தம் செய்ய உடைந்த பழைய ரிங் துண்டைவிட நல்ல கருவி இல்லை. திரும்ப மாட்டும்போது பள்ளத்தில் இருக்கும் சின்ன ஊசிக்கு நேராக ரிங்கின் வாய் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பிளாக்கைப் போடும்போதே ரிங் முறியும்.

இதெல்லாம் சுத்தம் செய்யும் வேலை. கரி ஏன் இவ்வளவு சேர்ந்தது என்று பார்க்காவிட்டால் சில மாதத்தில் மறுபடியும் இதே கேள்வியோடு வருவீர்கள். உங்கள் வண்டியில் புகையும் இருப்பதால் எனக்கு முதல் சந்தேகம் வலது பக்க கிராங்க் ஆயில் சீல். அது போனால் கிளட்ச் பக்கம் இருக்கும் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரிக்கும். கியர் ஆயிலை அளவாக ஊற்றி, சில வாரம் ஓட்டி, திரும்ப அளந்து பாருங்கள். வெளியே ஒரு சொட்டும் கசியாமல் அளவு குறைந்திருந்தால் சீலை மாற்றும்வரை வேறெதைச் செய்தும் பயனில்லை.

அடுத்தது ஆயில். பம்ப் இருக்கும்போதே "எதற்கும் இருக்கட்டும்" என்று டேங்க்கிலும் ஆயில் ஊற்றுகிறவர்கள் ஏராளம். பம்ப் கேபிள் குறிக்கு நேராக இருந்தால் அது தேவையே இல்லை. பம்ப்பை எடுத்துவிட்ட வண்டி என்றால் லிட்டருக்கு எவ்வளவு கலக்கிறீர்கள் என்று பாருங்கள். நல்ல ஆயிலில் 30 மில்லியைத் தாண்ட வேண்டியதில்லை. டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக்குறி) எஃப்சி அல்லது எஃப்டி என்று இருக்க வேண்டும்; கரியைக் குறைப்பதில் எஃப்டி ஒரு படி மேல். ஏர் ஃபில்டர் அழுக்கில் அடைத்திருந்தாலும் பெட்ரோல் விகிதம் கூடிக் கரி பிடிக்கும். பிளக்கைக் கழற்றினால் தெரிந்துவிடும்: உலர்ந்த கறுப்புத் தூள் என்றால் பெட்ரோல் அதிகம், ஈரப் பிசுக்கான கறுப்பு என்றால் ஆயில் அதிகம், வெளிர் பழுப்பு என்றால் கவலை வேண்டாம்.

டவுனுக்குள்ளேயே ஓட்டுவதும் ஒரு காரணம். இன்ஜின் சூடேறும் முன்பே வீடு வந்துவிடுகிறது. எப்போதாவது காலையில் நான்கு வழிச் சாலையில் ஒரு 20, 30 கிலோமீட்டர் நல்ல வேகத்தில் ஓட்டி வாருங்கள். சைலன்சரைச் சுத்தம் செய்து மாட்டிய முதல் ஓட்டத்தில் மிச்சப் பிசின் எரிந்து புகை கூடுதலாகத்தான் வரும், பயப்படாதீர்கள்.

பிறகு மெக்கானிக்கிடம் போகும்போது, பாஃபிள் சுத்தம், கியர் ஆயில் குறைகிறதா இல்லையா, கிக்கர் கனமா லேசா, பிளக் என்ன நிறம் என்ற நான்கையும் சொல்லுங்கள். அப்படியும் முக்கினால் அவர் ஹெட்டைத் திறக்கட்டும். போகும்போதே புது ஹெட் கேஸ்கட் வாங்கிக்கொண்டு போங்கள், பழையதையே திரும்பப் போட விடாதீர்கள்.